ஏலம் எடுத்தது யார்?

இந்த ஊர் வங்கியில் பணத்தைப் பற்றிப் பேசும்போது எல்லாரும் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். கொலோன் மருத்துவமனையில் நர்ஸாக இருக்கும் நான் மாதாமாதம் ஊருக்கு ஏன் பணம் அனுப்புகிறேன் என்று வங்கி அம்மாள் மெதுவாகக் கேட்டார். சீட்டு என்று சொல்லி, எனக்குத் தெரிந்த ஜெர்மனில் விளக்கினேன். எல்லாரும் பணம் போடுவோம், அதில் அதிகம் தள்ளிக் கேட்பவர் மீதியை எடுப்பார், தள்ளிய தொகையை எல்லாரும் பங்கிட்டுக்கொள்வோம் என்றேன். “க்ளூக்ஸ்ஷ்பீல்?” என்றார். சூதாட்டமா என்று கேட்கிறார். படிக்காதவர்கள் இப்படித்தான் ஏமாறுகிறார்கள் என்று பரிவோடு சொன்னார். அந்தப் பரிவுதான் சுட்டது.

ஏமாந்தோம், உண்மைதான். எழுபதுகளின் கடைசியில் ஜவ்வாது மலையில் எங்கள் அம்மா வாடகை மெஷினில் துணி தைத்துக்கொண்டிருந்தார். சொந்த மெஷின் வாங்க, கலசப்பாக்கத்துக் கடைக்காரர் ஒருவரிடம் சீட்டுக் கட்டினார். பக்கத்து வீட்டுக் காளியக்கா புளி விற்ற காசைக் கட்டினார். ஏலம் கீழே கடையில் நடக்கும். யாரோ எடுத்துவிட்டதாக மேலே சேதி மட்டும் வரும். ஒரு சந்தை நாளில் காளியக்கா மலைப் பெண்களைத் திரட்டிக்கொண்டு கீழே இறங்கினார். நானும் அம்மாவோடு போனேன்.

“ஏலத்த எங்க கண்ணு முன்னால வெய்யுங்க,” என்றார் காளியக்கா.

“உனுக்கு இன்னா தெரியும்? கையெழுத்துப் போடத் தெரியுமா?” என்றார் கடைக்காரர்.

“தெரியாதுங்க. காது கேக்கும். போன மாசம் யாரு எடுத்தாங்க, சொல்லுங்க.”

“இந்த ஊர்க்காரங்கதான்.”

கடையில் நின்ற கடலை வியாபாரி திரும்பினார். அவரும் அதே சீட்டில் இருந்தவர். “இன்னாங்க, மலைக்காரங்க எடுத்துக்கினு போய்ட்டாங்கன்னு எங்ககிட்ட சொன்னீங்க?”

கடைக்காரர் சீட்டு நோட்டை மூடி உள்ளே வைத்தார். அப்போதுதான் எல்லாருக்கும் புரிந்தது, ஏலமே நடக்கவில்லை என்று. பெண்கள் கடை வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள், சந்தைக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். கடைக்காரர் தன் மாட்டுவண்டியை விற்றுக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுத்தார். அம்மாவுக்கு முழுசாக வரவில்லை.

அதற்காக யாரும் சீட்டை விடவில்லை. மலையிலேயே சொந்தமாகத் தொடங்கினார்கள். எல்லாரும் கூடி உட்கார்ந்தால்தான் ஏலம். கேட்கும் தொகையைக் காளியக்கா உரக்கச் சொல்வார். புரியாதவர் கேட்டால் மறுபடி சொல்வார். அம்மாவுக்கு மெஷின் வந்தது அதில்தான். என் நர்சிங் படிப்புக்குப் பணம் கட்டியதும் அதில்தான். இதையெல்லாம் வங்கி அம்மாளிடம் சொன்னேன். பாதிதான் புரிந்திருக்கும். பணம் அனுப்பும் தாளை அவர் பக்கம் தள்ளி, “அனுப்புங்கள்,” என்றேன்.

அந்த மலைச் சீட்டில் இப்போது எனக்காக அம்மாதான் ஏலம் கேட்கிறார். அந்த நேரம் இங்கே காலை. நோயாளியின் படுக்கை விரிப்பை மாற்றிக்கொண்டிருப்பேன். வார்டில் என்னை ‘ஷ்வெஸ்டர்’, அதாவது சிஸ்டர், என்றுதான் கூப்பிடுகிறார்கள், என் பெயர் அவர்கள் வாயில் நுழைவதில்லை. மலையில் அதே நேரம் காளியக்கா என் பெயரைச் சொல்லி, “இன்னும் தள்றியா?” என்று கேட்டுக்கொண்டிருப்பார்.