ஒழுகட்டும், விடுங்க

வீட்டில் அவளுக்குத் தண்ணிப் பைத்தியம் என்றே பெயர். சின்ன வயதில் வாளி நிறைந்து வழிந்தாலும் குழாயை மூடாமல் வாய் பிளந்து பார்த்துக்கொண்டு நிற்பாள். அம்மாவின் அடி எதுவும் அவளைத் திருத்தவில்லை. வளர்ந்து, ஸ்டூடியோவில் பாஸ்போர்ட் படம் எடுக்கும் வேலைக்குப் போனாள். விடுமுறை வந்தால் ஏரி, ஓடை, மழை தேங்கிய குழி என்று கேமராவோடு கிளம்பிவிடுவாள். கட்டிக்கொண்டதோ ஒரு பிளம்பரை. "நான் தண்ணிய நிறுத்த அலையுறேன், இவ பாக்க அலையுறா" என்று அவர் சொல்லிச் சிரிப்பார்.

ஐம்பதை நெருங்கும்போதுதான் முதல் கண்காட்சி வாய்த்தது. நடுச்சுவருக்கு மட்டும் படம் அமையவில்லை. மறுநாள் மதியத்துக்குள் கொடுக்காவிட்டால் அந்த இடம் வேறொருவருக்கு என்று சொல்லிவிட்டார்கள்.

அன்று காலை மாடியின் பின்பக்கம் துணி காயப்போடப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். ஒழுகிக்கொண்டிருந்த குழாய் இணைப்பில் பாசி படர்ந்து, சின்னச் செடி ஒன்று முளைத்திருந்தது. அதன் இலை நுனியில் தொங்கிய சொட்டுக்குள், எதிரே இருந்த மரம் முழுவதும் தலைகீழாக நின்றது. கேமராவோடு ஓடிவருவதற்குள் வெயில் நகர்ந்துவிட்டது. சரி, நாளைக்கு இதே வெயில் வரும் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

சாயங்காலம் கீழ்வீட்டில் இருந்த நாத்தனார், தன் தம்பியான அவரைப் பிடித்துக்கொண்டாள். "ஊரு குழாயெல்லாம் சரி பண்றே, உன் வீட்டுத் தண்ணி என் துணியில சொட்டுதுடா!"

அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. அப்போதே ஸ்பேனரை எடுத்தார்.

காலையில் அவள் போய்ப் பார்த்தால் இலை நுனியில் ஒரு சொட்டுகூட இல்லை.

"என்னங்க, தண்ணி எங்க?"

"நேத்தே அடைச்சிட்டேன்ல!" என்றார் பெருமையாக.

"என் படமே அதுதாங்க."

அவர் தலையைச் சொறிந்தார். "ஒழுக வைக்கச் சொல்லி இதுவரைக்கும் எவனும் என்னைக் கூப்பிட்டதில்ல" என்றபடி நட்டைத் தளர்த்தினார். தண்ணீர் பீய்ச்சியடித்தது.

"அடேய்!" என்று கீழேயிருந்து சத்தம்.

"கொஞ்சம் குறைங்க. ஐயோ, ரொம்பக் குறைச்சிட்டீங்க. ஆங்... விடுங்க, தொடாதீங்க!"

சொட்டு திரண்டது. நனைந்துபோன நாத்தனார் மரத்தடிக்கு வந்து, இடுப்பில் கைவைத்து அண்ணாந்து பார்த்தாள்.

"அண்ணி, அப்படியே நில்லுங்க! படம் எடுக்கிறேன்!"

திட்ட வந்தவள் சட்டென்று தலைமுடியைச் சரிசெய்துகொண்டாள்.

மதியத்துக்குள் படம் நடுச்சுவரில் ஏறிவிட்டது. கண்காட்சி தொடங்கியதும் நாத்தனார் அதை விட்டு நகரவில்லை. வருகிறவர்களையெல்லாம் நிறுத்தி, சொட்டுக்குள் கடுகளவு தெரிந்த தன்னை விரல் வைத்துக் காட்டினாள்.

"படத்து மேல கை வைக்காதீங்கம்மா" என்றார் காவலாளி.

"என் மேலதானே வைக்கிறேன், உனக்கென்ன?" என்றாள்.