சென்ட் பூசிக்கொண்டு மலையிறங்கினேன்

அறுபதைத் தாண்டினால் முட்டி வலிக்கும், கண் மங்கும் என்று எல்லோரும் சொல்லியிருந்தார்கள். வாசம் மாறும் என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. அதை என் மகள்தான் சொன்னாள்.

சேலத்தில் வேலை பார்க்கிற அவள், தம்பிக்குப் பெண் பார்க்கப் போவதற்காக மலைமேல் தேவனூர் நாட்டில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். முதல் நாள் சாயந்திரம் எனக்குத் தலை சீவிவிட்டுக்கொண்டிருந்தவள், பின்கழுத்தில் மூக்கை வைத்து உறிஞ்சினாள்.

"அம்மா, உம்மேல ஒரு மாதிரி வாசம் வருது."

"வேர்வையா? காத்தாலதான கண்ணு குளிச்சேன்."

"வேர்வ இல்லம்மா. பீரோவுல மடிச்சே கெடந்த சேல மாதிரி. வயசானா எல்லாருக்கும் வர்றதுதானாம். ஒண்ணும் தப்பில்ல."

தப்பில்லை என்று அவள் சொன்னதுதான் எனக்குச் சுருக்கென்றது. பாசிப்பயறு மாவு தேய்த்து இன்னொரு தடவை குளித்தேன். கையை முகர்ந்து பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. இத்தனை வருஷம் பக்கத்தில் படுத்தவருக்குத் தெரியாமலா இருக்கும் என்று, காய்ந்த மிளகை வாரிக்கொண்டிருந்த வீட்டுக்காரரிடம் போய்க் கழுத்தை நீட்டினேன்.

"ஏனுங்க, கொஞ்சம் மோந்து பாத்துச் சொல்லுங்க."

அவர் முதலில் யாராவது வருகிறார்களா என்று பார்த்தார். பிறகு குனிந்து முகர்ந்தார். கண்ணை மூடி வெகுநேரம் யோசித்தார்.

"மொளகு வாசம் வருது."

"அது உங்க கையில வர்றது. எம்மேல என்ன வருது?"

"உன்ற வாசம் எனக்கெங்க புள்ள தனியாத் தெரியுது? நம்ம ஊட்டு வாசந்தான்."

அதைக் கேட்டு சந்தோஷப்பட முடியவில்லை. எங்கள் வீட்டில் அப்போது ஒரு மூலையில் மரவள்ளிக்கிழங்கும் இன்னொரு மூலையில் ஆட்டுக்குட்டியும் இருந்தன.

மறுநாள் காலை மகள் குளிக்கப் போனதும் அவள் பையிலிருந்து சென்ட் பாட்டிலை எடுத்தேன். எவ்வளவு அடிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது. கழுத்து, கை, முந்தானை, கொசுவம் என்று ஓரிடம் விடாமல் அடித்தேன். வீட்டுக்குள் கமகமவென்றுதான் இருந்தது.

பெண் வீடு அடிவாரத்தில், காரவள்ளியில். பஸ் வளைவுகளில் இறங்க ஆரம்பித்ததும் பின்சீட்டுக்காரர் தும்மினார். எனக்கு அடுத்து உட்கார்ந்திருந்த பெண் எலுமிச்சம்பழத்தை மூக்கோடு அழுத்திப் பார்த்தாள். அது போதாமல் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வாந்தியெடுத்தாள். அவளைப் பார்த்து இன்னும் இரண்டு பேர்.

கண்டக்டர் எழுந்து வந்தார். "யாருங்க அது, சென்ட் பாட்டில ஒடச்சது?"

"ஒடைக்கலீங்க. ஊத்திக்கிட்டாங்க," என்றாள் என் மகள்.

வீட்டுக்காரர் என்னை யாரென்றே தெரியாதவர் மாதிரி வெளியே மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகன் தலையைக் குனிந்துகொண்டான். கண்டக்டர்தான் என்னை முன்வாசல் பக்கம் கூட்டிப் போனார். "காத்து வர்ற எடத்துல ஒக்காருங்கம்மா. வண்டிக்கே நல்லது."

பெண்ணின் அப்பா கொத்தனார். அம்மா என்னைவிடக் கொஞ்சம் இளையவர். வாசலுக்கு வந்து என் இரண்டு கைகளையும் பிடித்தார். அவர் மேலிருந்து ஜவ்வாது வாசம் குப்பென்று வந்தது. நான் தும்மினேன். அவரும் தும்மினார்.

மற்றவர்கள் உள்ளே பேசிக்கொண்டிருக்கும்போது, கை கழுவலாம் என்று என்னைப் பின்பக்கக் குழாயடிக்குக் கூட்டிப்போனார்.

"ஏனுங்க அக்கா, எதுக்கு இம்புட்டு சென்ட்டு?"

மகள் சொன்னதைச் சொன்னேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"எனக்கு மாசாமாசம் வர்றது நின்னதுல இருந்து வேர்த்து வேர்த்து ஊத்துதுங்க. வேர்வ வாசமே மாறிப்போச்சு. மலையில இருந்து வர்றவங்க மொகஞ்சுளிச்சுட்டா என்ன பண்றதுன்னு ஜவ்வாத அள்ளிப் பூசிட்டேன். காத்தால புடிச்சுத் தலவலி."

இரண்டு பேரும் சோப்பை மாற்றி மாற்றி வாங்கி முகம், கழுத்து, கையெல்லாம் கழுவினோம். பிறகு அவர் என் தோளில் முகத்தை வைத்து முகர்ந்து பார்த்தார்.

"காஞ்ச பலாக்கொட்ட மாதிரி வருதுங்க."

"நல்லதா, கெட்டதா?"

"அது தெரியலீங்க. பலாக்கொட்ட எனக்குப் புடிக்கும்."

அவர்மேல் அரிசி களைந்த தண்ணீர் வாசம் இருந்தது. அதைச் சொன்னதும் அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எனக்கும்தான்.

கண் சிவந்து, முகமெல்லாம் ஈரமாக நாங்கள் உள்ளே போனதும் பேச்சு சட்டென்று நின்றது. கொத்தனார் பதறி எழுந்தார். "என்னாச்சுங்க? எதாச்சும் கொறையா?"

வீட்டுக்காரர் என் காதோரம் குனிந்தார். "ஏம்புள்ள அழுவுற? பொண்ணுக்குப் பையனப் புடிச்சிருக்காமா."

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தோம். மறுபடியும் சிரிப்பு வந்துவிட்டது. ஏன் சிரிக்கிறோம் என்று கடைசிவரை அந்த ஆண்களிடம் சொல்லவில்லை.

தையில் கல்யாணம் நடந்தது. இப்போது சம்பந்தியம்மா மலைக்கு வந்தால் என் பாயில்தான் படுப்பார். மார்கழிக் குளிருக்கு அது இரண்டு பேருக்கும் சௌகரியமாக இருக்கிறது.