மூன்று சட்டியோடு பாசிக்குடாவுக்கு

போனவர்கள் ஆறு பேர்: நான், என் கணவர், பதின்மூன்று வயது மகள், எட்டு வயது மகன், கணவரின் தங்கையான மச்சாள், அவவின் கணவர். நாங்கள் போன வானின் பின்பக்கத்தில் என் மூன்று சட்டிகளும் தேங்காய் துருவ ஒரு திருவலையும். ஆடி மாதம் முழுக்க நான் மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் சாப்பிடுவதில்லை. மீன் காய்ச்சிய சட்டியில் ஆக்கியதையும் தொடுவதில்லை. பிள்ளைகளின் விடுமுறை ஆடிக் கடைசியில் வந்ததால் சட்டிகளும் வந்தன.

மட்டக்களப்புப் பக்கம் குடும்பத்தோடு போனால் எங்கே தங்குவது என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இரண்டு விதமாகத் தங்கிப் பார்த்துவிட்டோம்.

வவுனியாவில் காலை 5.10க்குப் புறப்பட்டு, ஹபரணையில் தேத்தண்ணி குடித்து, 10.25க்குப் பாசிக்குடா. வான் மீற்றரில் 216 கிலோமீற்றர். முதல் இரண்டு இரவுக்கும் கடலில் இருந்து 200 மீற்றரில் ஒரு வீடு: இரண்டு அறை, காஸ் அடுப்போடு குசினி, இரவுக்கு 14,000 ரூபாய். தேடிப் பிடித்ததும் விலை பேசியதும் நான்தான்.

"உமக்காகத்தானே எப்பவும் குசினி வீடு பாக்கிறது," என்பார் இவர். அதுவும் உண்மை.

பாசிக்குடாவில் பெரிய அலை இல்லை, நெடுந்தூரம் நடந்தாலும் இடுப்பளவு தண்ணீர்தான் என்று குளித்துவிட்டு வந்தவர்கள் சொன்னார்கள். வந்தவர்களுக்குப் பசி. நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் நாள் பின்னேரம் மகள் போனில் எடுத்த படங்களைக் காட்டினாள். "அம்மா, நீங்க ஒண்டிலயும் இல்லை."

"இந்தா இருக்கிறாவே," என்றான் மகன். துவாய்கள் காயும் படம் அது. பின்னால் குசினி யன்னலில் என் முழங்கை.

எல்லோரும் சிரித்தோம், நானும்தான். சட்டி கழுவும்போது அவ்வளவு சிரிப்பு வரவில்லை. விடிந்தால் புறப்படுகிறோம். இரண்டு நாள் கடலடியில் இருந்தும் கால் நனைக்கவில்லை.

மூன்றாம் நாள் அமிர்தகழிக் கோயிலில் கும்பிட்டுவிட்டு, வலையிறவுப் பாலம் தாண்டி வவுணதீவுப் பக்கம் போனோம். வாவியோரத்தில் ஒரு வீடு, மச்சாளின் கணவர் பிடித்தது. சாப்பாடு வீட்டுக்காரரே தருவார்கள். எனக்கு மட்டும் தனியாக ஆக்கலாம் என்று சட்டிகளை இறக்கினேன். வீட்டுக்கார அக்கா முற்றத்தில் நின்று பார்த்தா.

"இது என்ன கா, குடி வாறீங்களா?"

விரதத்தைச் சொன்னேன்.

"எனக்கும் ஆடியில மச்சம் இல்ல. மரக்கறிக்குத் தனி அடுப்பு, தனிச் சட்டி இரிக்கி. அதுகள வானுக்குள்ளயே வெய்ங்க."

மனம் கேட்கவில்லை. பதினொன்றரைக்குத் தேங்காயாவது துருவித் தரலாம் என்று குசினிக்குள் நுழைந்தேன்.

"வந்த ஆக்கள் இதுக்குள்ள என்ன தேடுறீங்க? போய்த் தோணியில ஏறுங்க கா."

அவவின் கணவர் எங்களைத் தோணியில் வாவியைச் சுற்றிக் காட்டினார். நாற்பது நிமிடம், ஆறு பேருக்கும் சேர்த்து 1,500 ரூபாய். இரண்டு கையையும் எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டேன்.

"அண்ணி சும்மா இருக்கிறதை இண்டைக்குத்தான் பாக்கிறன்," என்றா மச்சாள். "படம் எடு பிள்ளை, ஒருத்தரும் நம்பமாட்டினம்."

மறுநாள் காலை அந்த அக்கா ஆறு சோற்றுப் பார்சல் கட்டித் தந்தா. மத்தியானச் சமையல் இல்லை என்றதும் எனக்குத் துணிவு வந்தது. "இஞ்சேருங்கோ, போற வழியில பாசிக்குடாவில ஒரு மணித்தியாலம் நிப்பாட்டுவம்," என்றேன்.

சேலையோடு இறங்கினேன். கரையில் நின்றவர்கள் விரலளவு தெரியும்வரை நடந்தேன். அவர்கள் சொன்னது சரி, இடுப்பளவுதான். அங்கே நின்று கிழக்கே பார்த்துக் கும்பிட்டேன். திரும்பி வரும்போது இவர் கரையில் நின்று, "பசிக்குது," என்றார்.

"வானுக்க இருக்கு," என்றேன். இன்னும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் ஏறினேன்.

இனிக் கணக்கு. கடலடி வீட்டில் வாடகையும் சமையல் சாமானும் சேர்த்து ஒரு நாளைக்கு 19,700. வாவி வீட்டில் அறைகளுக்கு 11,000, ஆறு பேரின் மூன்று வேளைச் சாப்பாட்டுக்கு 9,600, ஆக 20,600. வித்தியாசம் 900 ரூபாய். வாவியோரம் நுளம்புக் கடி கூட, கட்டிலுக்கு வலை இருக்கிறதா என்று முதலே கேளுங்கள். அங்கிருந்து பாசிக்குடா 44 கிலோமீற்றர், ஒரு மணித்தியாலம். மார்கழி மழையில் போக வேண்டாம்.

என் தங்கச்சியும் இதை வாசிக்கிறவள், அவளுக்கு ஒன்று. சித்திரை விடுமுறைக்கு நம் இரண்டு குடும்பமும் சேர்ந்து ஒன்பது பேர். வாவி வீட்டு அக்கா மூன்று அறையை வெள்ளிவரை எங்களுக்காக வைத்திருக்கிறா. கடலடியில் குசினி வீடுதான் வசதி என்று நீ சொன்னது ஞாபகம் இருக்கிறது. அதுதான் வேண்டுமென்றால் யார் சமைப்பது என்பதையும் சேர்த்து எழுது. வியாழனுக்குள் பதில் தா.