பல்பு மாணிக்கம்

திண்டுக்கல்லில் பேகம்பூருக்குப் போகிற வழியில் ரேடியோ ரிப்பேர்க் கடை வைத்திருந்த சூசைமாணிக்கத்தை, அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் அடுத்த கடைக்காரருக்கே அடையாளம் தெரியாது. ‘பல்பு மாணிக்கம்’ என்று கேட்க வேண்டும். வருஷக்கணக்கில் சும்மா கிடந்த செட் எதுவானாலும் அவர் அதை நேரே கரண்டில் சொருக மாட்டார். ஒரு பலகையில் பல்பை மாட்டி, கரண்ட் அந்தப் பல்பு வழியாகத்தான் செட்டுக்குப் போகும்படி செய்து வைத்திருந்தார். செட்டுக்குள் கோளாறு இருந்தால் பல்பு பளீரென்று எரிந்து கரண்டைத் தான் வாங்கிக்கொள்ளும், செட் தப்பிக்கும். கோளாறு இல்லையென்றால் பல்பு மங்கிப்போகும். முதலில் சின்ன பல்பு, அப்புறம் அதைவிடப் பெரியது என்று ஏறி வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். “பல்பு மாணிக்கத்துகிட்டக் கல்யாணத்துக்குக் குடுத்த செட்டு, பிள்ளைக்குக் காது குத்தத்தான் திரும்பி வரும்” என்று ஊரில் கேலி பேசுவார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். அந்தப் பலகை எப்படி வந்தது என்பதை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.

அதற்குக் காரணமான காரியம் 1957-இல் நடந்தது. பக்கத்து ஊரான அகரத்துப் பெருமாள்சாமி, வெள்ளாமையில் மனசு ஒட்டாத மனிதர், மைக் செட் வைத்துப் பிழைப்பது என்று முடிவு கட்டினார். மதுரையில் ஒரு கிட்டங்கியில் நாலைந்து வருஷம் தூசி தின்றுகொண்டிருந்த ஆம்ப்ளிஃபயர் ஒன்றை வாங்கி வந்தார். கூடவே ஜோசியர் குறித்துக் கொடுத்த நல்ல நேரத்தையும் கொண்டுவந்தார். சூசைமாணிக்கத்தின் கடையில் வைத்துச் சூடம் கொளுத்தித் தேங்காய் உடைத்தார்கள், கடை முன்னால் கூட்டமும் சேர்ந்துவிட்டது. நெடுநாள் கிடந்த செட்டில் கண்டென்சர்கள் கெட்டுப்போயிருக்கும், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கரண்டைக் காட்ட வேண்டும் என்பது சூசைமாணிக்கத்துக்குத் தெரியும். தெரிந்திருந்தும், “நேரம் போகுதுய்யா” என்று நாலு பேர் சொன்னவுடன் மறுபேச்சுப் பேசாமல் சுவிட்சைத் தட்டினார். செட் இரண்டு நிமிஷம் உறுமிவிட்டுப் படாரென்று வெடித்தது. டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து தார் ஒழுகியது.

கூட்டம் மெக்கானிக்கின் முகத்தைப் பார்த்தது. பெருமாள்சாமியோ, “செட்டு பழசுப்பா, இவரு என்ன செய்வாரு” என்று சொல்லி, செத்த செட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். தப்பு என்னுடையது என்று சூசைமாணிக்கம் வாயைத் திறக்கவில்லை. எப்படியோ வேறொரு செட் வாங்கி ஒரு வருஷம் ஓட்டிய பெருமாள்சாமி, விஷக்காய்ச்சல் கண்டு போய்ச் சேர்ந்தார். துக்கத்துக்குப் போகக்கூட சூசைமாணிக்கத்துக்குக் கால் எழவில்லை. அதற்கப்புறம் அகரத்து ஆட்களைச் சந்தையில் கண்டாலே வேறு தெரு வழியாகப் போகிற மனிதராகிவிட்டார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்!

1964-இல், பங்குனி மாதத்து ஒரு புதன்கிழமை காலையில் கடை முன்னால் மாட்டு வண்டி ஒன்று வந்து நின்றது. அதிலிருந்து ஒரு மரப்பெட்டியும், மைக்கும், ஒலிபெருக்கிப் புனல் ஒன்றும், முப்பது வயதைத் தாண்டிய ஒரு பெண்ணும், மீசைக்காரர் ஒருவரும் இறங்கினார்கள்.

“யாரு செட்டு தாயி?” என்று கேட்டார் சூசைமாணிக்கம்.

“அதுலதான் எழுதியிருக்கே அண்ணே” என்று அந்தப் பெண் பெட்டியைக் காட்டினாள். ‘பெருமாள்சாமி மைக் செட், அகரம்’ என்று பெயின்டில் எழுதியிருந்தது. அவள் பெருமாள்சாமியின் பெண்சாதி சண்முகவள்ளி. புருஷன் பெயரை வாயால் சொன்னால் அவனுக்கு ஆயுசு குறையும் என்பது அந்தப் பக்கத்துப் பெண்களின் நம்பிக்கை. போய்ச் சேர்ந்தவனுக்கு இனிமேல் குறைய ஆயுசு ஏது என்று யாரும் கேட்பதில்லை, கேட்டாலும் அவர்கள் சொல்லப்போவதில்லை.

“வெள்ளிக்கெழம எங்க ஊரு ஒச்சப்பன் வீட்டுல காது குத்து. நானே செட்டுப் போடுறேன்னு வாக்குக் குடுத்துட்டேன்” என்றாள்.

கூட வந்த மீசைக்காரர் அவளுடைய கொழுந்தன் நாச்சிமுத்து. “பொம்பள மைக் செட்டுப் போடுற அதிசயம் எங்க ஊருலதான் நடக்கப்போகுது. இன்னைக்கு இது பாடலைன்னா பழைய இரும்புக்குப் போட்டுட்டு, என் தோட்டத்துக்குக் களையெடுக்க வந்துரணும். மதினி ஒத்துக்கிட்டாக. பன்னெண்டு மணிக்கு ராகு காலம், அதுக்குள்ள பாடணும்” என்றார்.

சூசைமாணிக்கம் பெட்டியைத் திறந்தார். ஆறு சரசுவதி பூசைக்குப் பூசிய சந்தனம் காற்றுத் துளைகளை அடைத்துக் கொண்டிருந்தது. மஞ்சத்தண்ணி தெளித்துத் தெளித்து உள்ளே துரு ஏறியிருந்தது. போதாததற்கு எலி வேறு பஞ்சைக் கொண்டுவந்து கூடு கட்டியிருந்தது.

“வருசம் தவறாமக் கும்பிட்டேண்ணே. ஒருநாளு கூட சுவிட்சைத் தொடல” என்றாள் சண்முகவள்ளி பெருமையாக.

“கும்பிட்டது சரி தாயி. வருசத்துல நாலு தடவ, செத்த நேரம் பாட விட்டிருந்தா இது நல்லா இருந்திருக்கும்” என்றார் அவர். அவள் முகம் வாடிப்போனது. சொல்லியிருக்க வேண்டாமே என்று அவருக்கே இருந்தது.

கூட்டைப் பிய்த்தெறிந்தார். பிரஷ்ஷால் துருவையும் சந்தனத்தையும் சுரண்டினார். எலி கடித்த வயரை மாற்றினார். புனலை மாட்டாமல் செட்டைப் போட்டால் அதுவே கெடுதல் என்பதால் கரண்டைத் தொடும் முன்பே அதை இணைத்தார். கண்ணாடி வால்வுகளை எல்லாம் கழற்றிவிட்டுச் சின்ன பல்பு வழியாகக் கரண்டைக் காட்டினார். பல்பு இலேசாகச் சிவந்ததோடு நின்றது. டிரான்ஸ்ஃபார்மர் பிழைத்திருந்தது. அப்போது மணி பத்து, நல்ல நேரம்தான். ஆனால் வால்வுகளைப் போட்டதும் பல்பு பளீரென்று எரிந்தது, மங்கவே இல்லை. கரண்டை நிறுத்தி, உள்ளே தேங்கியிருந்த கரண்டையும் இறக்கிவிட்டுத் தொட்டுப் பார்த்தார். ஒரு கண்டென்சர் கொதித்தது. அதை வெட்டி எறிந்து புதுசு வைத்தார். மறுபடியும் சின்ன பல்பிலிருந்து ஆரம்பித்தார். இந்தத் தடவை பல்பு பிரகாசமாக எரிந்து, கொஞ்சம் கொஞ்சமாக மங்கத் தொடங்கியது. அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நாச்சிமுத்து நாலு தடவை எழுந்து உட்கார்ந்தார். பன்னிரண்டு அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கையில் அவருக்குப் பொறுக்கவில்லை. “என்னய்யா, கருப்பட்டி காய்ச்சுறியா? நேராச் சொருகிப் பாடவிடு!” என்று சொல்லிக்கொண்டே, பலகையிலிருந்து செட்டின் பிளக்கைப் பிடுங்கிச் சுவர்ப்பக்கம் போனார்.

சூசைமாணிக்கம் பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

“வேணாங்க. ஏழு வருசத்துக்கு முன்ன இதே மேசையில, இதே மாதிரி அவசரப்பட்டு உங்க அண்ணன் செட்டை எரிச்சவன் நான். தெரிஞ்சே எரிச்சேன். செட்டு பழசுன்னு அவரு பழியச் செட்டு மேல போட்டாரு. நான் வாயத் தொறக்கல.”

நாச்சிமுத்து பிளக்கை நீட்டினார். சூசைமாணிக்கம் பிளக்கை வாங்கிப் பலகையிலேயே சொருகினார். சண்முகவள்ளியின் பக்கம் திரும்ப அவருக்குத் தைரியம் வரவில்லை.

“எனக்குத் தெரியும்ணே” என்றாள் அவள். “உங்க மொகத்தப் பாத்தே தெரிஞ்சுக்கிட்டு, அன்னைக்கு ராத்திரியே அவுக சொன்னாக. ‘அந்த மனுசன் என்னைக்காவது வாயத் தொறந்து சொன்னாருன்னா, பரவாயில்லன்னு சொல்லிரு’ன்னாக. நானும் சந்தையில பாத்தா உங்க பக்கம் வருவேன். எங்க ஊரு ஆளுகளத் தூரத்துல கண்டதுமே நீங்கதான் தெரு மாறிப் போயிருவீக.”

அவர் அழுதார். வெட்கப்படாமல் மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்த பல்பை மாட்டினார்.

பன்னிரண்டு அடித்தது. ராகு காலம் வந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. நாச்சிமுத்துகூட முக்காலியில் உட்கார்ந்து பல்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அது மங்க மங்க, அடுத்ததை மாட்டினார்கள். கடைசிப் பல்பையும் எடுத்துவிட்டு நேராகக் கரண்டில் போட்டபோது மணி ஒன்று. வால்வுகள் ஒவ்வொன்றாகச் சிவந்தன. புகை வரவில்லை. சூசைமாணிக்கம் மைக்கை விரலால் தட்ட, வாசலில் வைத்திருந்த புனல் ‘டொக் டொக்’ என்று தெரு முழுக்கக் கேட்கும்படி பேசியது.

அவர் மைக்கை அவளிடம் நீட்டினார். “நீங்க பேசுங்க தாயி. எந்தச் செட்டுன்னு மொதல்ல சொல்லணும்ல.”

அவள் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பெட்டியைப் பார்த்தாள், கொழுந்தனைப் பார்த்தாள். வாய் இரண்டு முறை திறந்து மூடியது. எதிர்க்கடைக்காரர்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

“அலோ... அலோ...” என்றாள். பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டு, பிறந்து முதல் தடவையாகச் சொன்னாள்.

“இது பெருமாள்சாமி மைக் செட், அகரம்.”