பேசிக்கொண்டே ஏறிய மேடு

வாயை மூடாதே என்று என்னிடம் சொன்னவர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் ஸ்ரீராம்புரத்து லேடி டாக்டர். வீட்டிலும் பள்ளிக்கூடத்திலும் பஸ்ஸிலும், ஒருமுறை சாவு வீட்டிலும்கூட, மற்றவர்கள் எல்லோரும் அதற்கு நேர்மாறாகத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்த கதை. எனக்கு வயது பத்தோ பதினொன்றோ. உடம்பு மட்டும் என் வயதுக்காகக் காத்திருக்காமல் முன்னால் போய்க்கொண்டிருந்தது. பள்ளிக்கூட விளையாட்டு விழாவில் என்னை ஓட்டப் பந்தயத்தில் சேர்க்க மாட்டார்கள். கயிறு இழுக்கும் போட்டியில் கடைசி ஆளாக, கயிற்றை இடுப்பில் சுற்றி நிற்கவைப்பார்கள். தூணுக்குப் பதிலாக நிற்கிறோம் என்று தெரியாமல், அதை நான் கேப்டன் பதவி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்தப் பதவி பிடிக்காதவர் மாமா. அம்மாவின் தம்பி. கல்யாணம் ஆகாததால் எங்களோடு இருந்தார். விடிந்ததும் கரடி மனைக்குப் போவார். எங்கள் ஊர்ப் பாஷையான கன்னடத்தில் மல்யுத்தக் கூடத்துக்கு அதுதான் பெயர். உள்ளே கரடி கிடையாது, மாமாவைப் போன்றவர்கள்தான் இருப்பார்கள். அங்கிருந்து உடம்பெல்லாம் செம்மண்ணோடு திரும்பி வந்த ஒரு நாள், இட்லியோடு உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து, "அக்கா, இவன என்கிட்ட விடு. ஒரே மாசத்துல ஆளையே மாத்திக் காட்டறேன்" என்றார்.

"இருக்கற ஆள முழுசா திருப்பிக் குடுத்தா போதும்டா" என்றாள் அம்மா.

அன்றைக்கே பயிற்சி ஆரம்பமானது. முதலில் தண்டால். இறங்குவதில் எனக்கு ஒரு சிரமமும் இல்லை. திரும்ப ஏறுவதுதான் நடக்கவில்லை. அடுத்து உட்கார்ந்து உட்கார்ந்து எழுவது. "வலிக்குது மாமா" என்றேன். "வலிச்சாத்தான்டா உடம்புல ஏறுதுன்னு அர்த்தம்" என்றார். கடைசியாக வாசல் படியில் தாவி ஏறித் தாவி இறங்கச் சொன்னார். மூன்றாவது தாவலில் கணுக்கால் ஒரு பக்கமும் நான் மறு பக்கமும் போனோம்.

டாக்டரின் கிளினிக் ஒரு மருந்துக் கடையின் மாடியில் இருந்தது. மாமா என்னைத் தூக்கிப் பார்த்தார், முடியவில்லை. கரடி மனையில் அவர் யாரைத் தூக்கினார் என்று இன்றுவரை தெரியவில்லை. ஒரு பக்கம் அம்மா, ஒரு பக்கம் மாமா என்று தாங்கிப் பிடித்து மாடிக்கு ஏற்றினார்கள். மேலே போனதும் அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, வாயால் மூச்சு விட்டாள். டாக்டர் என் காலைப் பார்ப்பதற்கு முன்னால் அம்மாவைத்தான் பார்த்தார். நான் அதற்காகக் கொஞ்சம் வருத்தப்பட்டேன்.

டாக்டர் கன்னடக்காரர். எங்களோடு அவருக்கென்று ஒரு தமிழில் பேசுவார். கதையைக் கேட்டுவிட்டு மாமாவின் பக்கம் திரும்பினார்.

"நீங்க எத்தனி வருஷமா பண்றீங்க இதெல்லாம்?"

"எட்டு வருஷம் டாக்டர்" என்று மாமா மார்பை ஒரு சுற்று பெரிதாக்கினார்.

"அப்ப இந்தப் பையனுக்கு மட்டும் ஏன்ரீ மொதல் நாளே எட்டாவது வருஷம்?"

மார்பு பழைய அளவுக்கு வந்தது. "சின்னவங்களோ பெரியவங்களோ, ஸ்வல்ப ஸ்வல்பமா ஏத்தணும். வலிச்சா நிறுத்தணும். உடம்பு என்ன மாவு மூட்டையா, தூக்கிப் போட?" என்றார் டாக்டர். மாவு மூட்டை என்றபோது எல்லோரும் ஏன் என்னைப் பார்த்தார்கள் என்று தெரியவில்லை.

கட்டுப் போட என்னைக் கம்பவுண்டரிடம் அனுப்பிவிட்டு, உள்ளே அம்மாவின் கையில் ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைச் சுற்றினார். பி.பி. ஏறியிருந்ததாம். மூன்று மாதம் தினமும் நடந்து பாருங்கள், இறங்கவில்லை என்றால் மாத்திரை எழுதுகிறேன் என்றாராம். இதெல்லாம் பிற்பாடு தெரிந்த சங்கதி. பெரியம்மா, அதாவது அம்மாவின் அக்கா, ஒரு பக்கம் கையும் காலும் வராமல் படுத்துவிட்ட வருஷம் அது. அவளுக்கும் ஆரம்பம் இதே பி.பி.தான். அதைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் சத்தமாகப் பேசுவதில்லை.

கட்டோடு உள்ளே போனதும் டாக்டர் என்னிடம் சொன்னார்: "கால் சரியானதும் தினம் அம்மாவோட நடக்கணும். ஒரு கண்டிஷன். வழி பூரா நீ பேசிட்டே போகணும், அம்மாவையும் பேச வைக்கணும்."

"என்ன பேசறது டாக்டர்?"

"உனக்கு என்ன வரும்?"

"ஜோக் வரும்."

"அதே சொல்லு."

நான் குண்டாக இருப்பதற்கு வைத்தியம் என்றுதான் புரிந்துகொண்டேன். பேசினால் இளைக்கும் என்றால் நான் எப்போதோ ஈர்க்குச்சியாகியிருக்க வேண்டுமே என்ற சந்தேகம் மட்டும் வந்தது. டாக்டரே சொல்கிறார், நமக்கென்ன என்று விட்டுவிட்டேன்.

தெருவுக்கும் அம்மா அதையேதான் சொன்னாள். எங்கள் சந்தில் ஒரு பொம்பளை பாலுக்குப் போகலாம், தண்ணீருக்குப் போகலாம், கோயிலுக்குப் போகலாம். சும்மா நடப்பதற்காக நடக்க முடியாது. கையில் ஒயர் கூடையோடு கிளம்பினால், எதிர்வீட்டு ஆன்ட்டி கோலப்பொடிக் கிண்ணத்தோடு நிமிர்ந்து, "ஏன்ரீ, எல்லிகே ஹொரட்ரீ?" என்று கேட்பாள். எங்கே கிளம்பினாய் என்று அர்த்தம். அம்மா என் தலையில் கை வைத்து, "இவன நடக்க வைக்கச் சொல்லிட்டாரு டாக்டர். பாருங்களேன், எப்படி இருக்கான்" என்பாள். ஆன்ட்டி என்னை மேலிருந்து கீழாக நிதானமாகப் பார்த்து, "ஹௌது, ஹௌது" என்று ஒப்புக்கொள்வாள். தினமும் என் உடம்பைச் சாட்சியாகக் காட்டித்தான் நாங்கள் தெருவைத் தாண்டினோம்.

அப்பாவுக்கு இந்த ஏற்பாடு புரியவில்லை. "நாள் பூரா அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடக்கறதானே, அது நடையில சேராதா?" என்று பேப்பருக்குப் பின்னாலிருந்து கேட்டார். "சேரும்னா இன்னிக்கு நீங்க நடங்க, ஒரு காபியோட நடந்து வாங்க" என்றாள் அம்மா. பேப்பர் இன்னும் கொஞ்சம் உயர்ந்தது.

ஒயர் கூடைக்குள் காய்கறி கிடையாது. வெள்ளை கான்வாஸ் ஷூ இருந்தது. ரப்பர் செருப்போடு நடந்தால் முட்டி போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். புடவைக்குக் கீழே பி.டி. ஷூவைப் போட்டுக்கொண்டு ஸ்ரீராம்புரத்தில் நடப்பதற்கு அம்மா தயாரில்லை. சந்து முடிந்து மேடு தொடங்கும் இடத்தில் ஒரு சின்னப் பாலம். அதன் கட்டைச் சுவரில் உட்கார்ந்து ஷூவை மாட்டி, செருப்பைக் கூடைக்குள் போட்டு, புடவையைக் கொஞ்சம் தழைய விடுவாள். மேட்டுக்கு அந்தப் பக்கம் கார்ப்பரேஷன் மைதானம். அங்கே எங்களைத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை.

நான் ஜோக் சொல்லிக்கொண்டே நடப்பேன். சமதளத்தில் அம்மா, "ஐயே, இதெல்லாம் ஒரு ஜோக்காடா?" என்று திட்டிக்கொண்டே வருவாள். மேடு வந்ததும் பதில் நின்றுவிடும். கோபம் வந்துவிட்டது என்று எனக்குப் பயமாகிவிடும். கோபமாக இருப்பவர்களோடு நடந்துகொண்டே சமாதானம் பேச முடியாது. அதனால் நான் நின்றுவிடுவேன். அம்மாவும் நிற்பாள். கொஞ்ச நேரம் கழித்து, "ம், அப்புறம்?" என்பாள். சரி, ஆறிவிட்டது என்று மறுபடி நடப்போம்.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்ததில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா சேர்ந்துகொண்டார். என் கணுக்காலைச் சுளுக்க வைத்த பழியைத் துடைத்துக்கொள்ளும் நோக்கம். மேட்டில் கையை வீசி முன்னால் போய், திரும்பி நின்று, "இன்னாக்கா, மாப்ள அழைப்பா இது? இப்டி நடந்தா உடம்பு எப்டி இறங்கும்? வா, வா, வேகமா" என்றார். அம்மாவுக்குச் சின்ன வயதிலிருந்தே தம்பியிடம் தோற்பது ஆகாது. கூடையை இடுக்கிக்கொண்டு விறுவிறுவென்று ஏறினாள்.

நான் பின்னால் ஓடி ஓடி, மாமாவை வைத்தே புதிதாகச் செய்த ஜோக்கைச் சொன்னேன். மாமா தண்டால் எடுக்கும்போது தரையில் ஓர் எறும்பு. அவர் குனிகிறார், நிமிர்கிறார், குனிகிறார், நிமிர்கிறார். எறும்பு பாவப்பட்டுக் கேட்கிறது: "இன்னாண்ணா, எதுனா தொலைச்சிட்டியா? நானும் தேடட்டா?"

அம்மா சிரிக்கவில்லை. திட்டவும் இல்லை. முகம் சிவந்து, உதடு மட்டும் வெளுத்திருந்தது. இவ்வளவு கோபத்தை நான் பார்த்ததே இல்லை. இன்னும் நாலடி போனால் நடுரோட்டில் அக்கா தம்பிச் சண்டை நிச்சயம் என்று தோன்றியது. பாதி மேட்டில் பூட்டியிருந்த விறகு டிப்போவின் படியில் தொப்பென்று உட்கார்ந்து, "ஐயோ, கால்! கட்டுப் போட்ட கால்!" என்று கத்தினேன்.

அம்மா நின்றாள். வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். என் காலைப் பிடித்துப் பார்ப்பாள் என்று முகத்தைச் சுளித்து வைத்திருந்தேன். அவள் பார்க்கவே இல்லை. கதவில் சாய்ந்து, என் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மூச்சு விட்டுக்கொண்டே இருந்தாள். அவள் விரல்கள் ஜில்லென்று இருந்தன. மாமா இறங்கி வந்து, "அக்கா?" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னார். அந்தக் குரலை நான் அவரிடம் அதற்கு முன் கேட்டதில்லை.

பால்காரர் ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மேட்டில் ஏறி மறைந்தார். அதற்கப்புறம்தான் அம்மா வாய் திறந்தாள். "எறும்பு என்னடா கேட்டுச்சு?"

மறுபடி சொன்னேன். சிரித்தாள். அதற்குள் என் கால் வலி போய்விட்டது. அன்றிலிருந்து மாமா கூடையைத் தூக்கிக்கொண்டு எங்களுக்குப் பின்னால்தான் வர வேண்டும் என்று சட்டம். கரடி மனையில் எட்டு வருஷம் குஸ்தி போட்டவர், ஒரு சத்தமும் இல்லாமல் ஒயர் கூடையோடு வந்தார்.

மூன்று மாதம் முடிந்து கிளினிக்குக்குப் போனோம். டாக்டர் அம்மாவின் கையில் பட்டையைச் சுற்றிக்கொண்டே என்னிடம், "பேசினியா?" என்றார்.

"பேசினேன் டாக்டர்."

"அம்மா பதில் சொன்னாங்களா? மேட்டுல?"

"மொதல்ல சொல்ல மாட்டாங்க. இப்ப மேடு பூரா மாமாவத் திட்டிட்டே ஏறறாங்க. நடுவுல நிறுத்தறதே இல்ல."

டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். அது ஜோக் இல்லையே என்று எனக்குக் குழப்பம். "மாத்திரை இப்ப பேடாம்மா, வேண்டாம். நடையை மட்டும் விடாதீங்க" என்று பட்டையை அவிழ்த்தார். அம்மா கீழே இறங்கியதும் எனக்கும் மாமாவுக்கும் ஆளுக்கொரு மசாலா தோசை வாங்கிக் கொடுத்தாள். என் வைத்தியம் அதோடு வீணாயிற்று.

போன மாதம் என் தொப்பையைத் தட்டிப் பார்த்த இந்தக் காலத்து டாக்டர் ஒருவர் என்னை நடக்கச் சொன்னார். எவ்வளவு வேகமாக என்று கேட்டேன். "பேச வரணும், பாட வரக் கூடாது. பேச்சு நின்னுச்சுன்னா வேகத்தைக் குறைச்சிடுங்க" என்றார். நேராக அம்மாவிடம் போய், "அப்ப என் ஜோக்கெல்லாம் மூச்ச அளக்கத்தானா?" என்று கேட்டேன். எழுபதைத் தாண்டியவள், இப்போது சந்துக்குள்ளேயே கான்வாஸ் ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்புகிறவள், லேஸைக் கட்டிக்கொண்டே சொன்னாள்: "அதுக்குப் பதில் சொல்றதுக்குத்தான்டா அதிகமா மூச்சு வாங்குச்சு."

அந்த மூன்று மாதத்தின் கடைசியில் ஒரு நாள், அதே விறகு டிப்போவைத் தாண்டும்போது எறும்பு ஜோக்கை இன்னொரு தரம் சொன்னேன். அம்மா நிற்கவில்லை. ஏறிக்கொண்டே, பின்னால் வந்த மாமா திடுக்கிட்டு நிற்கும்படி, வாய்விட்டுச் சிரித்தாள். அதே எறும்பு, அதே மேடு. இந்தத் தடவை நான் சொன்ன விதம்தான் சரியாக அமைந்துவிட்டது என்று முடிவு செய்து, உச்சி வரைக்கும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.