சைரனுக்கு வந்த படர்தாமரை

வேலைக்குக் கிளம்புமுன் கையுறை மாட்டிக்கொண்டு ஒரு கினிப் பன்றியின் முதுகில் களிம்பு தடவுகிறேன். கோவில்பட்டியில் இருக்கும் அம்மாவிடம் இதைப் போனில் சொன்னபோது, "ஏல, எலிக்கா மருந்து போடுத? நம்மூர்ல எலிக்கு வைக்கிற மருந்தே வேறல்லா" என்றாள். அது எலியுமில்லை, பன்றியுமில்லை என்று விளக்கப் போய், பிறகு நானே குழம்பி விட்டுவிட்டேன்.

பாஸ்போர்ட் இல்லாமல், சென்னைப் பக்கம் ஒரகடத்துக்குக் கம்பெனி வேலைக்கு வந்தவனெல்லாம் புலம்பெயர்ந்தவனா என்று ஊரில் சிரிப்பீர்கள். ஒரு ராத்திரி பஸ் தூரம்தான். ஆனால் இங்கே பெயரைக் கேட்பதற்கு முன்னால் எந்த ஷிப்டு என்று கேட்கிறார்கள். ஊரில் எங்கள் ஆட்டுக்குச் சொறி வந்தால் அப்பா வேப்பெண்ணெயைத் தேய்த்துவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பார். ஆடு தொழுவில், மனிதர்கள் வீட்டில். இங்கே பத்துக்குப் பத்து அறையில் நானும் மிருகமும் ஒரே மின்விசிறிக் காற்றில் கிடக்கிறோம். அறைத் தோழன் புனேவுக்கு மாற்றலாகிப் போகையில் கூண்டோடு என்னிடம் விட்டுச் சென்றது அது. ஷிப்டு முடிந்து நான் கதவைத் திறந்தால் வீல் வீலென்று கத்தும். அதனால் சைரன் என்று பெயர் வைத்தேன்.

வீட்டுக்கார சரோஜா அக்காவுக்கு முதலில் பிடிக்கவில்லை. "இன்னாப்பா இது, வூட்டுக்குள்ள பெருச்சாளி வெச்சிக்கினு கீற?" என்றார். ஒரே வாரம். நான் வேலைக்குப் போனபின் கொத்தமல்லித் தண்டோடு வந்து சைரனை மடியில் வைத்துக் கொஞ்ச ஆரம்பித்துவிட்டார். கேட்டால், "கத்திச்சு, போட்டேன்" என்பார்.

ஆடி மாதத்தில் சைரனின் முதுகில் முடி உதிர்ந்து, வட்டமாகப் பொருக்குத் தட்டியது. அம்மை என்று முடிவு கட்டிய அக்கா, கூண்டில் வேப்பிலை செருகி, "மருந்து கிருந்து போட்டுடாத, தானா எறங்கும்" என்றார். நான் அதற்குமுன்பே போட்டிருந்தேன். மெடிக்கலில் அரிப்புக்கு என்று கேட்டால் தருவார்களே ஒரு டியூப், கம்பெனியில் எங்கள் லைனில் நிற்கும் பாதிப் பேரின் பையில் இருப்பது, அதைத்தான். இரண்டு நாள் சிவப்பு அடங்கியது. மூன்றாம் நாள் வட்டம் இரண்டானது.

மறைமலை நகரில் ஒரு கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவர் முடியையும் பொருக்கையும் எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு, பூஞ்சை, அதாவது படர்தாமரை என்றார். டியூபைக் காட்டினேன், தலையில் அடித்துக்கொண்டார். "இதுல ஸ்டீராய்டு இருக்கு. மேல அடங்குற மாதிரி காட்டிட்டு உள்ள பரப்பிடும். மனுஷங்க மருந்து, நாய் மருந்து எதுவும் வேண்டாம்." எடை பார்த்து வாய்வழி மருந்து கொடுத்தார், களிம்பும் கொடுத்தார். விரிப்பைத் தினமும் மாற்றி ஈரமில்லாமல் வைக்க வேண்டும், கையுறை போட வேண்டும். வைட்டமின் சி அதன் உடம்பில் தானாக உண்டாகாதாம். அதனால் கொய்யா, குடமிளகாய் கொடுக்கச் சொன்னார். கடைசியாக, "வீட்டுல யாருக்காவது படர்தாமரை இருக்கா?" என்று கேட்டார்.

"இல்லை டாக்டர்" என்றேன். பொய் இடுப்பில் அரித்தது. பெல்ட் இறுகும் இடத்தில் எனக்கு நாலு மாதமாக இருந்தது. முன்பிருந்த விடுதியில் சொறி வந்த ஒருவனை அன்றே பெட்டி கட்டவைத்ததைப் பார்த்தவன் நான். அதனால் டியூபைத் தடவிச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டே காலம் தள்ளினேன். அதே கையால் சைரனைத் தூக்கினேன், அதே துண்டால் துடைத்தேன்.

ஆறி வந்த புண் மூன்றாம் வாரம் மறுபடி கிளம்பியது. கம்பெனியில் ஒரு பழுது திரும்ப வந்தால் ஒய்-ஒய் அனாலிசிஸ் எழுதுவோம். ஏன், அது ஏன், அதற்கு ஏன் என்று ஐந்து முறை கேட்டால் மூலகாரணம் சிக்கிவிடும். சைரனுக்கும் எழுதினேன். விரிப்பு, ஈரம், கூண்டு என்று எல்லாவற்றையும் எழுதினேன், என்னை மட்டும் எழுதவில்லை. கீறல் விழுந்த பீஸை மறைத்தால் மன்னிப்பே கிடையாது என்று புதுப் பையன்களுக்கு வகுப்பெடுக்கிறவன் நான்.

அந்த வாரம் அக்காவின் முழங்கையில் ஒரு வட்டம் வந்தது. "ஞாயித்துக்கெழமைக்குள்ள அத்த எங்கியாவது வுட்டுட்டு வந்துடு. இல்லாங்காட்டி நீயும் கெளம்பு" என்றார். கூண்டில் சைரன் கொய்யாவைக் கொறித்துக்கொண்டிருந்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"அக்கா, அது எனக்குத் தரல. நான்தான் அதுக்குக் குடுத்தேன். உங்களுக்கும் என்னால வந்ததுதான்" என்று இடுப்பைக் காட்டினேன்.

அக்கா குனிந்து வட்டத்தைப் பார்த்தார். பிறகு வெடித்தார். "அட பாவி! வாயில்லா ஜீவன் மேல பழியப் போட்டுக்கினு இத்தினி நாளு சும்மா இருந்தியே!" படி அதிர இறங்கிப் போனார். நான் பையை எடுத்துத் துணிகளை அடுக்கிவைத்துவிட்டு வேலைக்குப் போனேன்.

திரும்பி வந்தபோது மொட்டைமாடியில் புதிதாக ஒரு நைலான் கயிறு கட்டியிருந்தது. "உன் துணியெல்லாம் சுடுதண்ணியில தொவைச்சு இதுல போடு. எங்க கொடியத் தொட்ட, கைய முறிச்சிடுவேன்" என்றார் அக்கா. "சைரன்?" என்றேன். "அத்த எதுக்கு அனுப்பணும்? நாளைக்கு நீ முதல்ல தோல் டாக்டர்கிட்ட போ. நானும் வரேன்."

இப்போது மூன்று பேரும் மருந்தில் இருக்கிறோம். ஆறு வாரத்துக்கு ஊருக்கு வர முடியாது என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். காற்றடித்தால் என் யூனிபார்ம் சட்டையின் கை நீண்டு பக்கத்துக் கொடியில் காயும் அக்காவின் சேலையைத் தொடப் பார்க்கும். அக்கா ஓடி வந்து, சட்டையைக் கழற்றி எறியாமல், கையை மட்டும் மடக்கி என் கயிற்றிலேயே கிளிப் மாட்டிவிட்டுப் போகிறார்.