புகையனை அடிக்காமல் இருப்பது

என் மேசை இழுப்பறையில் ஒரு சாம்பல் நிற வயர் கிடக்கிறது. ஒரு முழம்கூடத் தேறாது. ஒரு முனை எப்போதோ பிய்ந்துபோய், கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றியிருக்கிறது. கைக்குள் அடங்கும் இரண்டு வீடியோ கேம் பெட்டிகளை இணைக்கிற வயர் அது. இன்றைக்குப் போனில் எந்த ஊர்க்காரரோடும் சண்டை போடலாம். எனக்கும் மாமா மகனுக்கும் அன்று இந்த வயர் இல்லாமல் சண்டை கிடையாது. குட்டை வயர் என்பதால் முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்தால்தான் இரண்டு பெட்டியும் எட்டும். நான் வயதுக்கு வந்த பிறகு, "ஏட்டி, தள்ளி உக்காரு" என்று அம்மா அதட்டுவாள். "வயர் எட்டாதும்மா" என்பேன். அது உண்மை. அம்மா அதை நம்பவில்லை என்பதும், நம்பாததில் அவளுக்குச் சந்தோஷம்தான் என்பதும் வெகுநாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

மாமா, அம்மாவின் அண்ணன், லாரி டிரைவர். எங்கள் பக்கத்துப் பேண்டேஜ் துணியை ஏற்றிக்கொண்டு பம்பாய் வரைக்கும் போவார். ஒருமுறை திரும்பி வரும்போது அங்கே ஒரு தெருக்கடையில் பழைய கேம் பெட்டிகள் இரண்டு வாங்கி வந்தார். நீலம் ஸ்ரீவில்லிபுத்தூரில் அவர் மகனுக்கு. சிவப்பு ராஜபாளையத்தில் எனக்கு. "எங்கண்ணன் ஜோடியாத்தான் வாங்கிட்டு வந்திருக்காவ" என்று அம்மா தெருவெல்லாம் சொன்னாள். பெட்டியைப் பற்றிச் சொல்கிறாள் என்றுதான் நான் நினைத்தேன்.

அப்பாவும் அம்மாவும் சிறு வயதிலேயே பஞ்சாலைக்குப் போனவர்கள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பூதங்களை வளர்த்து, முறை வைத்து ஒன்றோடொன்று மோதவிடுகிற அந்த விளையாட்டில் எல்லாமே இங்கிலீஷ். பள்ளி நூலகத்து அகராதியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பூதத்துக்கும் என்ன வலிமை, எது ஆகாது என்று வார்த்தை வார்த்தையாகப் படித்தேன். நான் முழுதாக வாசித்து முடித்த முதல் இங்கிலீஷ் அந்தச் சின்னத் திரையில்தான் இருந்தது. இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் இல்லை. மச்சானுக்கோ படிக்கப் பொறுமை கிடையாது. "படிச்ச புள்ள, வாசிச்சுச் சொல்லு" என்று கிண்டலாகக் கேட்பான். நான் சொன்னதை வைத்துக்கொண்டு என்னையே தோற்கடிப்பான்.

தோற்கடிக்க அவனுக்கு ஒரு பேய் இருந்தது. ஊதாப் புகைக்குக் கண்ணும் பல்லும் வைத்த மாதிரி ஒரு உருவம். புகையன் என்று பெயர் வைத்திருந்தான். புகையனுக்கு உயிர் ரொம்பக் கம்மி, சரியான அடி ஒன்று விழுந்தால் போதும். ஆனால் குத்தும் உதையும் அதன் உடம்புக்குள் புகுந்து அந்தப் பக்கம் போய்விடும். நான் வளர்த்து வைத்திருந்த காளை மாதிரியான பூதம் குத்துவதற்குக் கையை ஓங்கினால், அந்த நேரம் பார்த்து மச்சான் தன் ஆளைத் திரும்பக் கூப்பிட்டுப் புகையனை இறக்குவான். என் குத்து காற்றோடு போகும். அதனால் புகையன் களத்தில் இல்லாதபோதுகூட நான் அதை நினைத்துக்கொண்டேதான் ஆட வேண்டியிருந்தது. பேயின் பலத்தில் பாதி, அது வெளியே வராமல் காத்திருப்பதில் இருக்கிறது. இது எனக்குப் பிடிபடவே பல மாதம் ஆனது.

எல்லாவற்றுக்கும் மேலே அதனிடம் ஒரு வித்தை இருந்தது. அதற்குப் பழி என்று பெயர் வைத்தது நான்தான். பழி போட்ட புகையனை யார் வீழ்த்துகிறார்களோ அவர்களும் கூடவே விழுவார்கள். புதிதாக ஆடுகிறவர்கள் எல்லோரும் இங்கேதான் ஏமாறுவார்கள். எதிரே சாகக் கிடக்கிற ஒரு புகை, ஒரே அடியில் முடிந்துவிடும் என்றால் யாருக்குத்தான் கை சும்மா இருக்கும்? நானும் அடித்தேன். என் காளையும் புகையனும் ஒன்றாக விழுவதைப் பார்த்து மச்சான் தொடையைத் தட்டிச் சிரிப்பான்.

அதை எப்படி வெல்வது என்று நானே கண்டுபிடித்தேன். அடிக்கக் கூடாது. பழி போட்ட முறையில் நாம் மருந்து குடித்துக்கொள்ளலாம், உடம்பைத் தேற்றிக்கொள்ளலாம், சும்மாவும் இருக்கலாம். பழிக்கும் அளவு உண்டு. போட்டுப் போட்டு அது ஒருநாள் தீரும். மச்சானும் லேசுப்பட்டவன் இல்லை. இவள் அடிக்க மாட்டாள் என்று தெரிந்ததும் பழி போடுவதுபோல் போக்குக் காட்டிவிட்டு என்னை அடித்தான். அதன் பிறகு எங்கள் ஆட்டம் கையால் ஆடுகிற ஆட்டமாக இல்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருப்போம்.

இதைத்தான் பெரியவர்கள் பார்த்தார்கள். மொட்டை மாடியில் முட்டி இடிக்க உட்கார்ந்து, பேசாமல், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிற முறைப்பையனையும் முறைப்பெண்ணையும். புகையன் அடுத்து என்ன செய்யும் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன் என்று யாருக்குத் தெரியும்?

நான் கிருஷ்ணன்கோவிலில் பொறியியல் இரண்டாம் வருடம் படித்தபோது, ஆடிப்பூரத் தேருக்கு மாமா வீட்டுக்குப் போயிருந்தோம். தேர் பார்த்து வந்து சாப்பிட்டு முடித்ததும் மாமா முன்னறையில் வைத்துக் கேட்டார். "பிள்ளைக ரெண்டும் ஒத்துப்போகுது. பேசி முடிச்சுக்கிடுவமா? படிப்பு பாட்டுக்குப் படிப்பு நடக்கட்டும்." அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. நான் மாடிக்கு ஏறிப் போனேன். கல்யாணத்துக்குப் பிறகு படிப்பு பாட்டுக்கு நடந்த பெண் ஒருத்தியைக்கூட எங்கள் தெருவில் நான் பார்த்ததில்லை. முடித்து, வேலைக்குப் போய், என் பெயர் போட்ட அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும். அது ஒன்றைத்தான் நான் கேட்டிருந்தேன்.

மச்சான் நீலப் பெட்டியோடு பின்னால் வந்தான். அப்போது அவன் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு செல்போன் ரிப்பேர் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். பழக்கத்தில் வயரை மாட்டினோம்.

"நீ வேண்டாம்னு சொல்லு" என்றேன்.

"நான் சொன்னா, பொண்ண வேண்டாம்னுட்டான்னு உங்கப்பா இந்த வாசல மிதிக்க மாட்டாரு. நீ சொல்லு."

"நான் சொன்னா எங்கம்மாவுக்கு அண்ணன் இல்லாமப் போயிரும்."

"அப்ப கட்டிக்கிடுவோம். தெனமும் உங்கிட்ட தோத்துக்கிட்டுக் கெடக்கேன்" என்றான். சிரிக்கிறானா என்று பார்த்தேன். திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

திரையில் புகையன் சாகக் கிடந்தது. பழி போட்டிருந்தது. என் விரல் பொத்தானுக்கு மேல் நின்றது. "அடி" என்றான். "மாட்டேன்" என்றேன். சொன்ன பிறகு இரண்டு பேருமே திரையிலிருந்து தலையை நிமிர்த்தினோம். யார் அடிக்கிறார்களோ அவர்களும் விழுவார்கள். அப்படியென்றால் யாரும் அடிக்க வேண்டாம்.

அன்றிலிருந்து வேண்டாம் என்ற சொல்லை நாங்கள் சொல்லவே இல்லை. முறை வைத்து ஆளுக்கொரு காரணம் சொன்னோம். எனக்குப் பரீட்சை. அவனுக்குத் தங்கச்சி கல்யாணம், ஒரே வருடத்தில் ஒரு வீட்டில் இரண்டு கல்யாணம் கூடாது. எனக்குப் புராஜெக்ட். அவனுக்குச் சொந்தமாகக் கடை வைக்காமல் கல்யாணம் கிடையாது. ஒவ்வொரு காரணமும் நிஜம்தான். அதனால்தான் அவை எடுபட்டன.

இடையில் ஒரு மத்தியானம், லோடு இறக்கிவிட்டு வந்த மாமா டீ கிளாசோடு மாடியில் எங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "செத்த நேரமாப் பாக்கேன், ரெண்டு பேரும் அடிக்கவே மாட்டேங்கியளே. இது என்ன சண்டை?" என்றார். நான் பெருமையாகப் பழியைப் பற்றி விளக்கினேன். மச்சான் தன் ஆளைத் திரும்பக் கூப்பிட்டு வேறு ஆளை இறக்கினான். மாமா அதைக் கவனித்தார். "எறக்குனவன அப்படித் திரும்பக் கூப்பிட்டா, அது தோல்விதானத்தா?"

"தோல்வி இல்ல மாமா. நம்ம முறை ஒரு தடவ வீணாகும், அம்புட்டுதான்" என்றேன். அவர் டீயைக் குடித்துவிட்டு இறங்கிப் போனார்.

கடைசி வருடம் முடிந்து எனக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. அந்த ஆடிப்பூரத்துக்கு மறுபடியும் அதே முன்னறையில் உட்கார்ந்தோம். தங்கச்சி கல்யாணம் முடிந்திருந்தது. மச்சான் கடை திறந்திருந்தான். என் பரீட்சைகள் முடிந்திருந்தன. "அண்ணே, ஆவணியில வச்சிருவமா?" என்று அம்மாவே கேட்டாள். நான் மச்சானைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்தான். போடுவதற்கு எங்களிடம் ஒன்றும் மிச்சம் இல்லை. இனி யாராவது ஒருவர் அடித்துத்தான் ஆக வேண்டும். நானே சொல்லிவிடுவது என்று வாயைத் திறந்தேன்.

மாமா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கேட்டது நானு. நானே திரும்ப எடுத்துக்கிடுதேன். அவளுக்கு அங்க வேலை, இவனுக்கு இங்க கடை. ரெண்டையும் ஒரே வண்டியில ஏத்த முடியாது" என்றார்.

அப்பா மெதுவாகக் கேட்டார். "வருத்தத்துல சொல்லலையே?"

"வருத்தம் என்ன? ஒரு தடவ வீணாகும், அம்புட்டுதான்" என்றார் மாமா. சொல்லும்போது அவர் என் பக்கம் திரும்பவில்லை.

அம்மா சேலை முந்தியை இடுப்பில் செருகினாள். பிறகு, "மதினி, இலையப் போடுவமா?" என்று அத்தையைக் கேட்டுக்கொண்டே எழுந்தாள். அந்தக் கேள்விக்குப் பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. ஆட்டம் எனக்கும் மச்சானுக்கும் நடுவில் நடக்கிறது என்று நான் அவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். மூன்றாவதாக ஒருவர், தன் தங்கை மனம் நோகாமல் எப்படி வெளியே வருவது என்று பக்கத்திலேயே காத்திருந்திருக்கிறார். நாங்கள் காரணம் சொல்லிச் சொல்லி நேரம் கடத்தினோமே, அந்த நேரம் அவருக்கும் வேண்டியிருந்திருக்கிறது.

இப்போது என் பெயர் போட்ட அட்டை என் கழுத்தில் தொங்குகிறது. புது செயலிகளில் என்ன பிழை இருக்கிறது என்று தேடுவது என் வேலை. எதிராளி அடுத்து என்ன செய்வார் என்று யோசிக்கிற வேலைதான். மச்சானுக்குக் கல்யாணமாகிவிட்டது. கடை நன்றாக ஓடுகிறது. வயரின் பிய்ந்த முனையைப் பற்றவைத்து டேப் சுற்றியது அவன்தான். சுற்றி முடித்து, "நீயே வச்சுக்க. எங்கிட்ட இருந்தா எவனாவது வாங்கிட்டுப் போயிருவான்" என்று என்னிடம் தந்தான். வருடத்துக்கு ஒரு தடவை, தேருக்குப் போகும்போது, பையில் மறக்காமல் எடுத்துப் போவேன்.

போன ஆடியிலும் மாடியில் உட்கார்ந்தோம். முட்டி இடிக்கத்தான். வயர் இன்னும் அதே குட்டை. மச்சான் மனைவி எங்கள் இருவருக்கும் நடுவில் தலையை நீட்டித் திரையைப் பார்த்தாள். புகையன் சாகக் கிடந்தது.

"ஒரே அடிதானக்கா, அடிச்சிர வேண்டியதான?" என்றாள்.

மச்சான் என் முகத்தைப் பார்த்தான். கீழே முன்னறையில் அம்மாவும் மாமாவும் எதற்கோ சேர்ந்து சிரித்த சத்தம் மேலே கேட்டது. நான் பொத்தானிலிருந்து விரலை எடுத்தேன்.